கேமரன் வண்டா, கேமரூன் வண்டா?



பள்ளி விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கிய முதல் நாள். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் சிறிய ஜாம் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். மூடியில் ஆணியால் குத்திய துளைகள். உள்ளே விரல் நீளத்துக்குக் காய்ந்த பூக்கதிர் ஒன்று. அதன்மேல், எள்ளுக்குக் கால் முளைத்தாற்போல, பத்துப் பதினைந்து வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"டீச்சர், இது நம்ம ஊர் வண்டு! பீடோர்ல மாமா வேலை செய்யுற தோட்டத்துல, செம்பனைப் பூவுல இருந்துச்சு. இதுக்குப் பேரு கேமரன் வண்டாம். இங்கேருந்துதான் கீழே கொண்டுபோய் விட்டாங்களாம். மாமா சொன்னாரு."

"நம் மலையில் ஒரு செம்பனைகூடக் கிடையாதே! இந்தக் குளிரில் அது குலை தள்ளாதே! அப்படியிருக்க, செம்பனைப் பூவில் வாழும் வண்டு இங்கே எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டேன்.

பையன் சற்று யோசித்தான். "அதான் டீச்சர், வேலை தேடிக் கீழே போயிருக்கும்!" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். நம் லயத்துப் பிள்ளைகள் பலர் அப்படித்தானே கீழே போனார்கள்!

ஆனால் அன்று எனக்குள் ஒரு சங்கடமும் இருந்தது. தென்னை, பனை போன்ற மரங்களுக்குக் காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கிறது என்று பயிற்சிக் காலத்தில் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். அதையே பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கும் சொல்லி வந்தேன். செம்பனைப் பூவில் இந்த வண்டுக்கு என்ன வேலை என்று பையன் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லிப் புட்டியை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். அன்றிலிருந்து தேடிப் படித்ததைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் மலைக்குக் கேமரன் என்ற பெயர் வந்தது வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளரால். 1885-ஆம் ஆண்டில் அவர் இந்தப் பக்கம் அளவெடுக்க வந்தார். கேமரூன் என்பது வேறு. அது மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரத்தில் உள்ள ஒரு நாடு. 15-ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த போர்த்துக்கீசிய மாலுமிகள், ஓர் ஆற்றில் இறால்கள் மிகுந்திருப்பதைக் கண்டு அதை 'இறால் ஆறு' என்று தம் மொழியில் அழைத்தார்கள். அந்தச் சொல் திரிந்து திரிந்து நாட்டின் பெயராகிவிட்டது. ஆக, நம்முடையது ஓர் அளவையாளரின் பெயர், அவர்களுடையது இறாலின் பெயர்.

புட்டிக்குள் இருந்த வண்டின் முழுப்பெயர் எலெய்டோபியஸ் கேமரூனிகஸ். வாய்க்குள் நுழையாத பெயர்தான். ஆனால் பிரித்துப் பார்த்தால் எளிது. செம்பனையின் அறிவியல் பெயர் எலெய்ஸ். அதில் வாழ்வது எலெய்டோபியஸ். கேமரூன் நாட்டிலிருந்து அறியப்பட்டது கேமரூனிகஸ். நம் ஊரில் ஒருவரைத் தெரியாதவருக்குச் சொல்லும்போது, இன்ன வீட்டுக்காரர், இன்ன ஊர்க்காரர் என்கிறோமே, அதைப் போன்றதுதான் இது.

பீடோர் மாமா சொன்னதில் பாதி சரி. இந்த வண்டு கொண்டுவந்து விடப்பட்டதுதான். ஆனால் நம் மலையிலிருந்து அல்ல, கடல் கடந்து ஆப்பிரிக்காவிலிருந்து.

இது கூன்வண்டு இனத்தைச் சேர்ந்தது. கூன்வண்டு என்றதும் பயப்பட வேண்டாம். உங்கள் வீட்டு அரிசி டின்னில் மூக்கை நீட்டிக்கொண்டு ஊருகிறதே, அதுவும் இந்தக் கூட்டத்துச் சொந்தம்தான். தென்னையின் குருத்தைக் குடைந்து மரத்தையே சாய்த்துவிடும் சிவப்புக் கூன்வண்டும் சொந்தம்தான். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட கூன்வண்டு வகைகள் ஏறத்தாழ 60,000. அவ்வளவு பெரிய குடும்பத்தில் நல்லதும் இருக்கும், கெட்டதும் இருக்கும் அல்லவா?

சரி, இந்த வண்டுக்கு இங்கே என்ன வேலை வந்தது? அதைச் சொல்வதற்குமுன் செம்பனையின் கதையைச் சொல்ல வேண்டும்.

செம்பனை இந்த மண்ணின் மரமல்ல. அதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நான்கே நான்கு கன்றுகள் நடப்பட்டன. தென்கிழக்காசியாவில் செம்பனை பரவியதற்கு அந்த நான்கும்தான் மூலம். நம் நாட்டில் வாணிப முறையில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்ட தோட்டம் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமராம் தோட்டம். ஹென்றி ஃபோக்கோனியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் அதைத் தொடங்கினார். தோட்டத்தின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், நம் தென்னைமரம் காதில் கேட்கும்.

செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில்தான் வருகின்றன. ஆனால் ஒரே சமயத்தில் வருவதில்லை. சில காலம் ஆண் பூக்கதிர்களாகத் தள்ளும், பிறகு பெண் பூங்கொத்துகளாகத் தள்ளும். ஆகவே ஒரு மரத்தின் பெண் பூவுக்கு வேறொரு மரத்தின் மகரந்தம் வந்து சேர வேண்டும். வந்தால்தான் பழம். பெண் பூ மகரந்தத்தை ஏற்கும் நிலையில் இருப்பதோ இரண்டு மூன்று நாட்கள்தான். அதற்குள் மகரந்தம் வராவிட்டால் குலையில் பழங்கள் சொத்தையாகும். சில குலைகள் முழுவதுமே அழுகிப் போகும்.

மரத்தைக் கொண்டுவந்தவர்கள் அதன் கூட்டாளியைக் கொண்டுவரவில்லை. இப்படிச் செய்துவிட்டோம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. காற்று இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். புத்தகங்களும் அப்படியே சொல்லின. தீபகற்பத்தில் இலைப்பேன் வகையைச் சேர்ந்த நுண்ணிய பூச்சி ஒன்று இந்த வேலையில் கொஞ்சம் செய்துவந்தது. சபாவில் அதுவும் இல்லை. எனவே தோட்டங்களில் மனிதக் கைகளே அந்த வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. ஆண் பூக்கதிரிலிருந்து மகரந்தத்தை உதிர்த்து, சலித்து, உலர்த்தி, முகத்துக்குப் போடும் பவுடர் போன்ற வெண்தூளோடு கலந்து, மலர்ந்த பெண் பூ ஒவ்வொன்றின்மீதும் ஊத வேண்டும். வாரத்தில் பல தடவை மரம் மரமாகச் சுற்றி வர வேண்டும். எந்தப் பூ இன்று மலர்ந்தது, எது நாளை மலரும் என்பதைக் கண்ணால் பார்த்தே கண்டுகொள்ள வேண்டும். இந்த வேலைக்குப் பெரும்பாலும் பெண்களைத்தான் நிறுத்தினார்கள்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. என் அம்மா செய்த வேலை அல்லவா இது!

அம்மா கீழ்நாட்டுச் செம்பனைத் தோட்டம் ஒன்றில்தான் பிறந்து வளர்ந்தார். அப்பாவோடு மலையேறித் தேயிலைக்கு வந்தது நான் பிறந்த பிறகு. "பூவுக்குத் தூள் அடிச்சேன்" என்று எப்போதோ சொல்லியிருக்கிறார். ஏதோ பூச்சிமருந்து அடித்தார் போலும் என்று நானும் விட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் உட்கார வைத்துக் கேட்டேன்.

"மருந்து இல்லம்மா. ஆம்பளப் பூவுத் தூளு. புட்டியில குழாய் மாட்டியிருக்கும். அமுக்குனா புஸ்ஸுன்னு அடிக்கும். முள்ளு கையைக் கிழிச்சிரும். மட்டையை விலக்கி உள்ளே பாக்கணும், பூ மஞ்சளா வாயைத் தொறந்திருக்கான்னு. தொறந்திருந்தா சோம்பு வாசம் அடிக்கும். வாசத்தை வச்சே நான் சொல்லிருவேன். ஒரு பூவை விட்டுட்டோம்னா பின்னால குலை சொத்தையா வரும். மண்டோர் வந்து, இந்த நிரை யாருதுன்னு கேப்பாரு."

"அப்புறம் ஏன் அந்த வேலை நின்றுபோனது?"

"நீ வயித்துல இருக்கிறப்போதான் நின்னுச்சு. ஒரு நாள் காலையில பெரட்டுல சொன்னாங்க, இனிமே தூள் வேலை கிடையாது, எல்லாரும் புல்லு வேலைக்குப் போங்கன்னு. ஏன்னு யாரும் சொல்லல. நாங்களும் கேக்கல. நாங்க ஏதோ சரியாச் செய்யலைன்னுதான் ரொம்ப நாள் நெனைச்சுக்கிட்டிருந்தேன்."

வாசகர்களே, அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபின் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, தன் கைவேலையில் ஏதோ குறை என்று ஒரு பெண் மனத்தில் வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். உண்மையில் நடந்தது என்னவென்று பார்ப்போம்.

லெஸ்லி டேவிட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் யூனிலிவர் நிறுவனத்தின் தோட்டங்களில் பணியாற்றியவர். மலாயாவிலும் இருந்திருக்கிறார், கேமரூனிலும் இருந்திருக்கிறார். கேமரூனில் செம்பனைப் பூவுக்கு யாரும் தூள் அடிப்பதில்லை. ஆனாலும் குலை நிறையப் பழம்! பூக்களில் ஆயிரக்கணக்கில் சின்ன வண்டுகள் மொய்ப்பதையும் அவர் கண்டார். இங்கே அந்த வண்டு இல்லை, பழமும் சரியாகப் பிடிப்பதில்லை. இரண்டையும் இணைத்துப் பார்த்தார். காற்றுதான் காரணம் என்று அறிந்தவர்கள் சொன்னபோதும் அவருடைய சந்தேகம் தீரவில்லை. பின்னாளில் நிறுவனத்தில் உயர்ந்த பொறுப்புக்கு வந்தபோது அதை ஆராயச் செய்தார்.

ஆராய்ந்தவர் பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத். காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிலையத்தைச் சேர்ந்தவர். 1970-களின் பிற்பகுதியில் அவர் கேமரூனுக்குச் சென்றார். அவருடைய சோதனையின் அடிப்படை எளிமையானது. பெண் பூவுக்குப் பூச்சிகள் வர விட்டால் எத்தனை பழம்? பூச்சிகளைத் தடுத்துவிட்டால் எத்தனை பழம்? தடுத்த பூக்களில் பழம் குறைந்தது. காற்று செய்வதாக எல்லாரும் நினைத்த வேலையைச் செய்தது வண்டுதான் என்பது உறுதியாயிற்று. அந்த ஆய்வை அவர் 1979-இல் வெளியிட்டார்.

வண்டு எப்படி இந்த வேலையைச் செய்கிறது? அதற்கு நம்மேல் அக்கறை ஒன்றுமில்லை, தன் பிழைப்பைப் பார்க்கிறது. ஆண் பூதான் அதற்கு வீடு, சாப்பாட்டுக் கடை, பிரசவ அறை எல்லாம். அங்கேயே உண்டு, அங்கேயே முட்டையிடும். வாடிய ஆண் பூவைத் தின்றுதான் அதன் புழு வளரும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முட்டை வண்டாகிவிடும். ஆண் பூ மலரும்போது சோம்பு வாசனை கமழும். பெண் பூவும் மலரும் சமயத்தில் அதே வாசனையைக் கொஞ்சம் வீசும். வண்டு ஏமாந்து அங்கே போகும். 'இங்கே ஒன்றும் இல்லையே' என்று திரும்பிவிடும். அந்தச் சிறிது நேரத்துக்குள் உடலில் ஒட்டியிருந்த மகரந்தம் பெண் பூவில் உதிர்ந்துவிடும். மரம் வண்டை ஏமாற்றிக் காரியம் சாதித்துக்கொள்கிறது!

என் அம்மா வாசனையை வைத்தே மலர்ந்த பூவைச் சொல்லிவிடுவார் என்றாரே, வண்டும் அதையேதான் செய்கிறது.

இங்கேதான் பெயரின் அருமை வருகிறது. கேமரூனில் செம்பனைப் பூவில் வாழ்வது ஒரே வகை வண்டு அல்ல. எலெய்டோபியஸ் குடும்பத்தில் பல வகைகள் அங்கே கலந்து வாழ்கின்றன. வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஒன்று அதிக மகரந்தம் சுமக்கும், மற்றொன்று குறைவாகச் சுமக்கும். ஒன்று மழையையும் வெயிலையும் தாங்கும், மற்றொன்று தாங்காது. எதைக் கொண்டுபோவது என்று முடிவுசெய்ய வேண்டுமானால், எது எது என்று பிரித்துச் சொல்ல முடிய வேண்டும். சையத் அந்த வேலையில் இறங்கியபோது கேமரூனிகஸுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கேமரூன் ஜெர்மானியர் ஆட்சியில் இருந்த காலத்தில், ஃபவுஸ்ட் என்ற கூன்வண்டு அறிஞர் அதற்கு விளக்கம் எழுதிப் பெயரிட்டு வைத்திருந்தார்.

ஒரு புதிய உயிரினத்துக்குப் பெயரிடுவது குழந்தைக்குப் பெயர் வைப்பது போல எளிதல்ல. இதற்குமுன் யாரும் இதைப் பெயரிடவில்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். மூக்கு எவ்வளவு நீளம், இறக்கை மூடியில் என்ன கோடு, ஆண் எப்படி, பெண் எப்படி, நெருங்கிய சொந்தங்களிலிருந்து எதில் வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். எந்த ஊரில், எந்தப் பூவில், எந்த நாளில், யார் பிடித்தது என்ற சீட்டோடு மாதிரி வண்டைக் காட்சிசாலையில் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு எல்லாவற்றையும் அச்சிட்டு வெளியிட வேண்டும். கரோலஸ் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் 1758-இல் விலங்குகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் முறையை வகுத்துக் கொடுத்தார். இன்றுவரை அந்த முறைதான்.

ஃபவுஸ்ட் பெயரிட்ட நாளில், இந்தப் பூச்சியால் யாருக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்டிருந்தால் அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது. பதில் வர ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின.

அயல்நாட்டுப் பூச்சியை ஒரு நாட்டுக்குள் விடுவது விளையாட்டல்ல. விட்டபின் 'திரும்பி வா' என்றால் வராது. தென்னையைத் தின்றால் என்ன செய்வது? நெல்லைத் தின்றால்? ஆகவே பலவகைப் பயிர்களிலும் வைத்துச் சோதித்தார்கள். செம்பனையின் ஆண் பூவைத் தவிர வேறெதிலும் அது இனம் பெருக்கவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வண்டுகளைக் காவலில் வைத்து, நோயும் ஒட்டுண்ணியும் இல்லை என்று பார்த்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். அதன் பிறகே, 1981 பிப்ரவரியில், ஜொகூர் மாநிலம் குளுவாங் பக்கத்து மாமோர் தோட்டத்தில் விட்டார்கள். அடுத்து சபாவிலும் விட்டார்கள்.

ஓராண்டு போலத்தான் ஆயிற்று, தீபகற்பம் முழுவதும் வண்டு பரவிவிட்டது. வேலியும் இல்லை, எல்லையும் இல்லை. பழம் பிடிப்பது கூடியது, குலைகள் கனத்தன. தீபகற்பத்தில் விளைச்சல் ஏறத்தாழ 20 விழுக்காடும், இலைப்பேன்கூட இல்லாதிருந்த சபாவில் 50 விழுக்காடு அளவுக்கும் உயர்ந்தது. இதனால் நாட்டுக்குக் கிடைத்த ஆதாயம் ஆண்டுக்குப் பத்துக் கோடி அமெரிக்க டாலருக்கும் அதிகம் என்று 1983-இல் கணக்கிட்டார்கள். 1985-இல் இதே வண்டு இந்தியாவுக்கும் போயிற்று. கேரளத்தில் முதலில் விடப்பட்டது.

நம் மலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்குப் பெரிய கொம்பு வண்டுகளைக் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த வண்டை அப்படி யாரும் வாங்க மாட்டார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் மூக்கு எது, வால் எது என்றே தெரியாது. ஆனால் அந்தச் சட்டத்து வண்டுகள் எல்லாம் சேர்ந்தாலும் இது செய்த வேலைக்கு ஈடாகாது.

ஆனால் வரவுக் கணக்கை மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆதாயக் கணக்கில் ஒரு வரி, தூள் அடிக்கும் வேலைக்கு இனிக் கூலி கொடுக்க வேண்டியதில்லை என்பது. முதலாளிக்கு அது மிச்சம். அந்த வேலையை நம்பியிருந்த பெண்ணுக்கு அது ஒரு காலைப் பெரட்டு. குலை கனத்தபோது, அதை வெட்டித் தூக்கியவர்களின் தோளும் கனத்தது. வண்டு வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல காரியம்தான். முள்ளில் கை கிழிபட்டுச் செய்யும் வேலை போனதற்காக யாரும் அழ வேண்டியதில்லை. ஆனால் பெரட்டில் நின்றவர்களிடம், "அம்மா, உங்கள் வேலையில் குறை ஒன்றுமில்லை. ஒரு வண்டு வந்திருக்கிறது. நீங்கள் செய்ததை இனி அது செய்யும்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அரை நிமிடம் ஆகியிருக்குமா?

மறுநாள் மாலை அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். உருப்பெருக்கிக் கண்ணாடியையும் புட்டியையும் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் பொடிசா?" என்றார். "அந்த வேலை நின்ன பிறகு ஆம்பளப் பூவுல கறுப்பா ஏதோ மொய்க்கும். பூவைப் பூச்சி அடிச்சிருச்சுன்னு நெனச்சேன். இதுவா அது?"

பிறகு காய்ந்த கதிரை மூக்கருகே கொண்டுபோனார். "வாசம் போயிருச்சு" என்று சொல்லிப் புட்டியை மூடினார். சற்றுப் பொறுத்து, "அப்ப எங்க வேலையில தப்பு இல்ல" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

இந்தக் கதை இன்னும் முடியவில்லை. அண்மைய ஆண்டுகளில் சில இடங்களில் பழம் பிடிப்பது மீண்டும் குறைந்திருப்பதாகப் பேச்சு எழுந்து, மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்து வருகிறார்கள். வண்டின் உடலில் வாழும் நுண்புழு, ஆண் பூவைக் கிழித்து வண்டுப் புழுக்களைத் தின்னும் எலி, இளமரங்களில் ஆண் பூ குறைவது என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. வேறு பனைகளின் பூக்களிலும் புதிய புதிய கூன்வண்டுகள் கண்டெடுக்கப்படுகின்றன. தென் அமெரிக்கப் பனைப் பூக்களில் வாழும் ஒரு வண்டுக் குடும்பத்தை ஆராய்ந்த பிரேசில் நாட்டு அறிஞர்கள் புரூனோ டி மெடெய்ரோஸ், செர்ஜியோ வானின் இருவரும், புதிய இனங்களுக்குப் பெயரிட்டு 2020-இல் வெளியிட்டார்கள். அவற்றுள் எது நாளை யாருக்கு உதவும் என்று இன்று எவராலும் சொல்ல முடியாது.

வகுப்பில் பையனின் புட்டியை மீண்டும் மேசைமேல் வைத்தேன். "மாமா சொன்னது பாதி சரி" என்று தொடங்கி முழுக்கதையையும் சொன்னேன். காற்று என்று இதுவரை நான் சொல்லிக்கொடுத்தது செம்பனையைப் பொறுத்தவரை தவறு என்பதையும் சொன்னேன். ஆசிரியர் தவறை ஒப்புக்கொள்வது பிள்ளைகளுக்கு எப்போதுமே ஒரு கொண்டாட்டம்தான்!

பையன் ஒரு துண்டுக் காகிதத்தில் 'கேமரன்' என்று எழுதியிருந்ததை அடித்து, 'கேமரூன்' என்று திருத்தினான். அதன் கீழே தேதி, பீடோர், செம்பனை ஆண் பூ, பிடித்தவர் என்று தன் பெயர் எல்லாவற்றையும் எழுதிப் புட்டியில் ஒட்டினான். காட்சிசாலையில் மாதிரி வண்டோடு இருக்கும் சீட்டிலும் இவைதாம் இருக்கும் என்றேன். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போது தேயிலைப் பூவில் என்ன பூச்சி வருகிறது என்று பார்க்க, நாலைந்து பேர் கையில் நோட்டோடு திரிகிறார்கள். கொழுந்துக்காக வெட்டிக்கொண்டே இருக்கும் செடியில் பூவைத் தேடுவது கடினம். ஆனாலும் வேலியோரம் வெட்டுப்படாமல் வளர்ந்த பழைய செடியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்!

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் புட்டியில் பூச்சியைப் பிடித்து வந்தால் 'சீ, வெளியே வீசு' என்று சொல்லாதீர்கள். எங்கே, எதன்மேல், என்றைக்குப் பிடித்தாய் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். மற்றொரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் வீட்டில் செம்பனைப் பூவுக்குத் தூள் அடித்த அம்மாவோ பாட்டியோ இருந்தால், அந்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். வண்டைப் பெயரிட்டவர் பெயரும், கொண்டுவந்தவர் பெயரும் ஏட்டில் இருக்கின்றன. அதற்குமுன் அந்த வேலையைக் கையால் செய்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. உங்கள் வீட்டு நோட்டிலாவது இருக்கட்டும். அந்த வேலை ஏன் நின்றது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.